தெரிந்த சொல்லில் தெரியாத பொருள்

2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக ரான் மார்ட்டினஸ், விக்டோரியா மர்ஃபி என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிரேசிலில் ஆங்கிலம் பயிலும் 101 பேருக்கு ஒரு வாசிப்புத் தேர்வு வைத்தார்கள். இரண்டு தொகுதிகள். இரண்டிலும் இடம்பெற்றவை ஒரே சொற்கள். அத்தனையும் ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் 2000 சொற்களுக்குள் அடங்குபவை. இரண்டாம் தொகுதியில் மட்டும் அதே சொற்கள் கைகோத்து மரபுத்தொடர்களாகி வேறு பொருள் தந்தன. முதல் தொகுதியில் தேறியவர்கள் இரண்டாவதில் சறுக்கினார்கள். அதில் வியப்பில்லை. எவ்வளவு புரிந்தது என்று அவர்களையே மதிப்பிடச் சொன்னபோதுதான் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது: புரியாத இடத்திலும் தங்களுக்குப் புரிந்ததாகவே பலர் நம்பியிருந்தார்கள்.

ஆங்கில மரபுத்தொடர்கள் பிறமொழியினரைத் தடுமாற வைப்பது பற்றி அரை நூற்றாண்டாக ஆய்வுகள் நடந்துவருகின்றன. மொழி கற்பித்தல், உளவியல், விமானப் போக்குவரத்து, மருத்துவம் என்று வெவ்வேறு துறைகளில் அவை சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது. விளங்காத தொடர் எவரையும் பெரிதாகக் கெடுப்பதில்லை. விளங்கிவிட்டதாகத் தோன்றும் தொடர்தான் கெடுக்கிறது. நம் பள்ளிகளும் பயிற்சி மையங்களும் முதல் வகையையே கற்பித்துக்கொண்டிருக்கின்றன.

'இட் இஸ் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதைக் கேட்கும் எவரும் வானத்திலிருந்து பூனையும் நாயும் விழுவதாக நினைப்பதில்லை. கனமழையைச் சொல்லும் தொடர் அது என்று தெரியாவிட்டாலும், ஏதோ சொல்லவருகிறார்கள் என்று தெரிந்துவிடும். கேட்டுக்கொள்ளலாம், அகராதியைப் புரட்டலாம். ஆனால் 'ஹீ லெஃப்ட் த வில்லேஜ் ஃபார் குட்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். நல்லதுக்காகத்தான் ஊரைவிட்டுப் போனார் என்று ஒரு தமிழ் மாணவர் படித்தால் அந்தப் பொருள் சூழலோடு முட்டுவதே இல்லை. இனித் திரும்பி வரமாட்டார் என்ற செய்தி சத்தமில்லாமல் தொலைந்துபோகிறது. குற்றவாளி 'அட் லார்ஜ்' என்று செய்தித்தாள் எழுதினால் பெரிய குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. பிடிபடாமல் திரிகிறான் என்பதே பொருள். 'ஹீ காண்ட் வாக், லெட் அலோன் ரன்' என்பதில் தனியே விடச் சொல்லும் பேச்சே கிடையாது. நடக்கவே முடியாதவர் எங்கே ஓடப்போகிறார் என்கிறார்கள். இந்தச் சொற்களில் ஒன்றுகூட ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்டதல்ல.

இஸ்ரேலிய மொழியியலாளர் பாட்டியா லாஃபர் 1980-களின் இறுதியிலேயே இந்தப் பொய்த் தெளிவைப் பற்றி எழுதினார். 'இன்ஃபாலிபிள்' என்ற சொல்லைக் கண்ட மாணவர்கள் உள்ளே 'ஃபால்' இருப்பதைப் பார்த்து, விழாதது என்று பொருள்கொண்டார்கள். தவறே செய்யாதது என்பதுதான் பொருள். தெரியாத சொல் வாசகரை நிறுத்துகிறது. தெரிந்ததுபோல் காட்டும் சொல் நிறுத்தாமல் அனுப்பிவிடுகிறது.

எஸ்.எஸ்.சி. உள்ளிட்ட போட்டித் தேர்வுகளில் மரபுத்தொடர்களுக்கென்றே தனிக் கேள்விகள் உண்டு. அதற்காக அச்சிடப்படும் கையேடுகளில் வாளியை உதைப்பது, அவரையைக் கொட்டுவது, பூனையைப் பையிலிருந்து விடுவது என்று வண்ணமயமான தொடர்கள் பக்கம் பக்கமாக அணிவகுக்கின்றன. நம் பிள்ளைகள் அவற்றை உருப்போடுகிறார்கள். ரோசமண்ட் மூன் 1998-இல் வெளியிட்ட நூலில், சுமார் ஒரு கோடியே எண்பது லட்சம் சொற்கள் கொண்ட ஆங்கிலத் தரவுத்தொகுதியில் நிலைத்தொடர்களைத் தேடிக் கணக்கிட்டார். அவற்றில் பெரும்பாலானவை பத்து லட்சம் சொற்களுக்கு ஒருமுறைகூட வரவில்லை. கையேடு விரும்பும் தொடர்கள் பேச்சில் அபூர்வம். பேச்சில் நிறைந்திருப்பவை கையேட்டில் இல்லை.

கையேடுகளோடு சேர்ந்து கட்டுக்கதைகளும் பரவுகின்றன. பூனை நாய் மழைக்குக் காரணமாக, பழைய இங்கிலாந்தில் கூரைவைக்கோலில் தூங்கிய விலங்குகள் மழையில் வழுக்கி விழுந்த கதை ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அத்தொடர் எங்கிருந்து வந்தது என்பது உறுதியாகத் தெரியவில்லை என்றே அகராதியாளர்கள் சொல்கிறார்கள்.

எளிய சொற்களே கடினம் என்பதற்கு வரலாற்றில் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. 1930-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் சி.கே. ஆக்டன் உலகப் பொதுமொழியாக ஒரு சுருக்க ஆங்கிலத்தை முன்வைத்தார். 850 சொற்கள், அதில் வினைகள் வெறும் 18. 'டாலரேட்' போன்ற வினைகள் எல்லாம் வெளியே போயின. அவற்றின் வேலையை 'புட்', 'கெட்', 'கிவ்' முதலிய சின்ன வினைகள் முன்னிடைச் சொற்களோடு சேர்ந்து செய்ய வேண்டும். 'டாலரேட்' என்ற ஒரு சொல்லைக் கற்க வேண்டாம். 'புட் அப் வித்' என்று சொன்னால் போதும். ஆங்கிலேயருக்கு இது எளிமை. பிறமொழிக்காரருக்கோ வை, மேலே, உடன் என்ற மூன்று சொற்களும் தெரிந்திருந்தும் பொறுத்துக்கொள் என்ற பொருளை அடைய வழியே இல்லை. 'புட் ஆஃப்' தள்ளிப்போடு, 'புட் டவுன்' இழிவுபடுத்து, 'புட் அவுட்' அணை. ஆக்டனின் பட்டியல் சொற்களைத்தான் குறைத்தது. பொருள்களின் சுமை அப்படியே இருந்தது. அது கண்ணில் படாமல் மட்டும் போயிற்று.

மரபுத்தொடர் ஏன் பிறக்கிறது என்று ஆங்கில நூல்கள் பலவிதமாக வகைபிரிக்கின்றன. எனக்கு நம் நன்னூலின் பிரிவே பயனுள்ளதாகப் படுகிறது. வழக்கை இயல்பு, தகுதி என்று இரண்டாக்கி, தகுதி வழக்கில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்ற மூன்றை வைக்கிறார் பவணந்தி. சபையில் சொல்லக்கூடாததை மறைத்துச் சொல்வது, அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வது, ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்குவது. அயலார் ஆங்கிலத்தில் இடறும் இடங்களில் பெரும்பகுதி இந்த மூன்றில் அடங்கிவிடுகிறது.

இடக்கரடக்கல் எளிது. அமெரிக்காவில் 'ரெஸ்ட் ரூம்' எங்கே என்று கேட்பவர் ஓய்வெடுக்கப் போகவில்லை. பழைய தலைமுறை ஆங்கிலேயர் 'ஸ்பெண்ட் எ பென்னி' என்றால், காசு போட்டுத் திறக்கும் பொதுக் கழிப்பறைக் காலத்தை நாவில் வைத்திருக்கிறார்கள். கால் கழுவி வந்தேன் என்பதைப் புரிந்துகொள்ளும் நமக்கு இது பழகிய வழிதான்.

மங்கலம் அப்படி விளையாட்டான இடமல்ல. ஒரு பெண் 'லாஸ்ட் ஹெர் ஹஸ்பண்ட்' என்றால் கணவர் இறந்துவிட்டார். நாயை 'புட் டு ஸ்லீப்' (கருணைக்கொலை) செய்தோம் என்று கண்கலங்கச் சொல்பவரிடம், தூங்கி எழுந்ததா என்று கேட்டுவிட்டால் அந்த நட்பு என்ன ஆகும்? துக்கத்தின் முன்னால் நேரடிச் சொல்லைத் தவிர்ப்பது எல்லாச் சமூகங்களிலும் உண்டு. இன்னார் இயற்கை எய்தினார் என்று நாம் எழுதுகிறோம். தவிர்க்கும் வழி மட்டும் ஊருக்கு ஊர் வேறு. தவறான புரிதல் மிக அதிகமாகப் புண்படுத்தும் இடம் இதுவே என்பதால், ஆங்கிலம் கற்பிப்பவர்கள் முதலில் சொல்லித்தர வேண்டியதும் இதுவே.

குழூஉக்குறி இன்று அலுவலகத்தில் வாழ்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றதுபோல அமெரிக்க நிறுவனங்கள் பேஸ்பால் மைதானத்து மொழியில் பேசுகின்றன. தோராய மதிப்பீடு 'பால்பார்க்' எண், சுருக்கமாகத் தொடர்புகொள்வது 'டச் பேஸ்', எதிர்பாராத இடைஞ்சல் 'கர்வ் பால்'. அழைப்பை இப்போது ஏற்க இயலாது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்பதற்கு 'ரெயின் செக்'. மழையால் ஆட்டம் நின்றால் வேறொரு ஆட்டத்துக்குச் செல்லத் தரப்பட்ட சீட்டு அது. சென்னையிலோ கோவையிலோ இருந்து அமெரிக்க வாடிக்கையாளரோடு பேசும் பொறியாளருக்கு அந்த ஆட்டமே அந்நியம். மாறாக, பிரிட்டிஷார் ஒரு முதியவரின் மறைவில் அவர் 'குட் இன்னிங்ஸ்' ஆடினார் என்றால் நம்மவருக்கு விளக்கமே வேண்டாம். கிரிக்கெட் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டது. மொழி அறிவு என்று நாம் நினைப்பதில் கணிசமான பங்கு வாழ்க்கை அறிவு.

நன்னூலின் மூன்றுக்கும் வெளியே நிற்கும் ஒரு வகைதான் என்னை மிகவும் ஈர்ப்பது. வாக்கியத்தின் வடிவம் ஒரு செயலைக் காட்டும்; உண்மையில் செய்வது வேறொன்று. 'டெல் மீ அபவுட் இட்' என்பது கட்டளை வாக்கியம். வாடகை ஏறிக்கொண்டே போகிறது என்று நீங்கள் புலம்ப, எதிரே இருப்பவர் 'டெல் மீ அபவுட் இட்' என்கிறார். நீங்கள் மிகுந்த அக்கறையோடு விவரிக்கத் தொடங்குகிறீர்கள். அவரோ, நானும் அதே பாடுதான் படுகிறேன், சொல்லவே வேண்டாம் என்றுதான் சொன்னார். இதற்கு இணையான ஒன்று தமிழில் அன்றாடம் புழங்குகிறது: 'அதை ஏன் கேக்குறீங்க!' வடிவம் கேள்வி. ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்ல ஆரம்பிக்கும் வெளிநாட்டவரை நினைத்துப் பார்த்தால், நம் மொழியும் எவ்வளவு பொறிகளை வைத்திருக்கிறது என்று தெரியும். 'போயிட்டு வரேன்' என்று விடைபெறும் விருந்தாளிக்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் அயலாரும் இருக்கக்கூடும்.

எதிர்மறை வடிவில் வரும் உடன்பாடுகள் இன்னும் ஆபத்தானவை. 'ஐ குட்ன்ட் அக்ரீ மோர்' என்பது முழு உடன்பாடு. பாதி கேட்டவர் மறுப்பாக எடுத்துக்கொள்வார். 'யூ காண்ட் பி டூ கேர்ஃபுல்' என்பது எவ்வளவு கவனமாக இருந்தாலும் தகும் என்ற எச்சரிக்கை. அளவுக்கு மீறிக் கவனம் வேண்டாம் என்று நேர் எதிராகவும் படிக்கலாம். எதிர்மறையே இல்லாத அழைப்பும் ஏமாற்றும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விருந்துக்கு 'பிரிங் எ பிளேட்' என்று அழைப்பார்கள். காலித் தட்டோடு போய் நின்ற புதுக்குடியேறிகளின் கதை அங்கே தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவருகிறது. ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு வாருங்கள் என்பதுதான் அழைப்பின் பொருள். அந்தக் கதைகளைச் சிரிப்புக்காகவே சொல்கிறார்கள். கையில் தட்டோடு வாசலில் நின்றவரின் கூச்சத்தை எவரும் பேசுவதில்லை.

தாய்மொழியின் பங்குக்கு வருவோம். 1986-இல் சூசன் இருஹோ அமெரிக்காவில் படித்த வெனிசுவேலா மாணவர்களிடம், ஸ்பானிய மொழியில் அப்படியே உள்ள தொடர்கள், ஓரளவு ஒத்தவை, முற்றிலும் வேறானவை என்று மூன்று வகை ஆங்கிலத் தொடர்களைக் கொடுத்துப் பார்த்தார். அப்படியே உள்ளவை எளிதாக இருந்தன. வேறானவை கடினமாக இருந்தன. ஓரளவு ஒத்தவற்றைப் படித்துப் புரிந்துகொண்டார்கள். ஆனால் தாமே எழுதும்போது ஸ்பானியம் குறுக்கே வந்து குழப்பியது.

தமிழருக்கு இதில் ஒரு தனிப் பொறி உண்டு. ஆங்கிலத்தில் 'ஹீ இஸ் புல்லிங் மை லெக்' என்றால் விளையாட்டாகக் கேலி செய்கிறார். தமிழில் காலை வாரிவிட்டார் என்றால் துரோகம். சொற்களும் உறுப்பும் இழுக்கும் செயலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பொருளோ நட்புக்கும் பகைக்கும் இடைப்பட்ட தூரம். உடனுழைப்பவர் தன் காலை இழுப்பதாக மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னதை, ஒருவருக்கொருவர் குழிபறிக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளும் புதிய ஊழியரை என்னால் எளிதில் கற்பனை செய்ய முடிகிறது. உடலுறுப்புத் தொடர்கள் எல்லா மொழிகளிலும் மிகுதி என்பதால் இத்தகைய மோதல்களும் மிகுதி. தமிழில் கை நீளம் என்றால் திருட்டு அல்லது அடிக்கும் பழக்கம். ஆங்கிலத்தில் நீண்ட கை சட்டத்துக்குரியது.

நேர்மாறான தயக்கமும் உண்டு. டச்சு மாணவர்களை 1970-களில் ஆராய்ந்த எரிக் கெல்லர்மன், தம் மொழியில் உள்ள மரபுத்தொடர் ஆங்கிலத்தில் அப்படியே இருந்தாலும் அதைப் பயன்படுத்த அவர்கள் அஞ்சியதைக் கண்டார். இவ்வளவு நம்முடையதாக இருப்பது அவர்களுடையதாகவும் இருக்காது என்ற உள்ளுணர்வு. முதலைக் கண்ணீர், நெருப்போடு விளையாடுதல், கண்ணில் மண்ணைத் தூவுதல், கைகழுவுதல் ஆகிய நான்கும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே வடிவில் இருக்கின்றன. கட்டுரை எழுதும் தமிழ் மாணவர் இவற்றைத் தமிழ்வாடை என்று அடித்துவிட்டு, அடிக்கத் தேவையிருந்த வேறொன்றை விட்டுவைப்பது நடக்கக்கூடியதே.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாகத் துழாவிவருகிறார்கள். ஸ்வினி, கட்லர் ஆகியோரின் 1979-ஆம் ஆண்டு ஆய்வில், பழகிய மரபுத்தொடரைத் தாய்மொழியினர் சாதாரணத் தொடரைவிட விரைவாகவே அடையாளம் கண்டார்கள். சொல் சொல்லாகப் பிரிக்காமல் முழுத் தொடரையும் ஒரே சொல்போல அவர்கள் சேமித்து வைத்திருப்பதாக விளக்கினார்கள். போலந்து ஆய்வாளர் அன்னா செஸ்லிட்ஸ்கா 2006-இல் காட்டியது வேறு படம். ஆங்கிலத்தில் தேர்ந்த போலந்துக்காரர்கள், தொடரின் மரபுப்பொருள் தெரிந்த நிலையிலும், நேர்ப்பொருளையே முதலில் எழுப்பிக்கொண்டார்கள். இது அறிவுக்குறைவு அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சொற்களை ஒவ்வொன்றாகக் கற்றவர்கள் சொற்கள் வழியாகவே நுழைகிறார்கள்.

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை தாய்மொழியினரைப் பற்றியது. 1995-இல் போவாஸ் கீசாரும் பிரிட்ஜெட் பிளையும், வழக்கொழிந்த பழைய ஆங்கிலத் தொடர்களை எடுத்துக்கொண்டார்கள். 'த கூஸ் ஹேங்ஸ் ஹை' என்று ஒன்று: வாத்து உயரத்தில் தொங்குகிறது. நிலைமை நன்றாக இருக்கிறது என்பது அதன் உண்மைப் பொருள். ஒரு குழுவுக்கு அதைக் கற்பித்தார்கள். இன்னொரு குழுவுக்கு நேர் எதிரான பொருளைக் கற்பித்தார்கள். இரு குழுவினரும் தாம் கற்ற பொருள் அந்தச் சொற்களுக்கு இயல்பாகவே பொருந்துவதாக உணர்ந்தார்கள், கற்காதவருக்கும் அதுதான் தோன்றும் என்று எண்ணினார்கள். பொருள் தெரிந்த பிறகு தொடர் கண்ணாடிபோல் தெளிகிறது. தெரியாதவருக்கு அது சுவராக நிற்பது தெரிந்தவரின் கண்ணுக்கே படுவதில்லை. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பிறமொழியினரிடம் மரபுத்தொடர்களை அள்ளி வீசுவது திமிரால் அல்ல, இந்தக் குருட்டிடத்தால். கேட்பவருக்குத் தான் புரிந்துகொள்ளாதது தெரியாது. பேசுபவருக்குத் தான் புரியாதபடி பேசியது தெரியாது. சிக்கலின் மையம் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு பெற்றவர்களுக்குள்ளும் இது நடக்கும். 'டேபிள்' என்ற வினை பிரிட்டனில் ஒன்றை உடனே விவாதத்துக்கு எடுப்பதைக் குறிக்கும், அமெரிக்காவில் ஒத்திவைப்பதை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே விஷயத்தை உடனே பேச விரும்பியும், இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் மோதிக்கொண்டதைச் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் பதிந்திருக்கிறார். 1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவின் சுமார் 650 வீரர்களைச் சீனப்படை சூழ்ந்துகொண்டது. பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிரோடி அமெரிக்கத் தளபதியிடம் நிலைமை கொஞ்சம் 'ஸ்டிக்கி' என்றார். ஆங்கிலேய அடக்கத்தில் அதன் பொருள் பேராபத்து. சமாளிக்கக்கூடிய நெருக்கடி என்று அமெரிக்கர் எடுத்துக்கொண்டதாகவே பதிவுகள் சொல்கின்றன. 500-க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள்.

வானத்தில் விலை இன்னும் கூடுதல். 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃபே தீவில் இரண்டு ஜம்போ ஜெட்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். டச்சு விமானி 'வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்' என்றதை, கிளம்பும் இடத்தில் நிற்கிறோம் என்று கட்டுப்பாட்டாளர் புரிந்துகொண்டார். விமானம் அப்போது கிளம்பிக்கொண்டிருந்தது. நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்லும் டச்சு வாக்கிய அமைப்பு ஆங்கிலத்துக்குள் புகுந்திருக்கலாம் என்று மொழியியலாளர் ஸ்டீவன் குஷிங் விளக்கினார். விபத்துக்கு மூடுபனி, நெரிசல், அவசரம் என்று பல காரணங்கள் சேர்ந்தன. ஆனாலும் அதன் பிறகு, உண்மையான புறப்பாட்டு அனுமதியைத் தவிர வேறெங்கும் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லே வரக்கூடாது என்று வானொலி வழக்கு மாற்றப்பட்டது.

1990 ஜனவரி 25-இல் கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52 விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். வானில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருக்க வைக்கப்பட்ட விமானக் குழு, 'பிரையாரிட்டி' வேண்டும் என்றது, எரிபொருள் தீர்ந்துவருகிறது என்றது. சொற்களின் நேர்ப்பொருளில் குறையொன்றும் இல்லை. ஆனால் 'எமர்ஜென்சி' என்ற ஒரு சொல் கட்டுப்பாட்டாளர் காதில் விழவே இல்லை. மற்ற எதுவும் அவர்களுக்கு அபாயமணியாக ஒலிக்கவில்லை. இங்கே நிகழ்ந்தது பாடப்புத்தகப் பொருளில் மரபுத்தொடர்ப் பிழை அல்ல. ஒரு கூட்டத்தார் ஒரு சொல்லுக்குள் வைத்திருக்கும் எடை வெளியாருக்குத் தெரியாமல் போனதே. குழூஉக்குறி உயிர்க்கொல்லியாவது இப்படித்தான்.

மருத்துவமனையும் அப்படி ஓர் இடம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிரிட்டனுக்குப் போன மருத்துவர்கள் ஏராளம். அவர்கள் கற்ற ஆங்கிலம் உடற்கூறியல் ஆங்கிலம். எதிரே உட்காரும் முதியவரோ தனக்கு 'ஃபன்னி டர்ன்' வந்தது என்பார். வேடிக்கை ஏதுமில்லை, திடீர் மயக்கம். 'வாட்டர்வொர்க்ஸ்' சரியில்லை என்பார், சிறுநீர்த் தொல்லை. இவற்றைத் தொகுத்தே ஜாய் பார்க்கின்சன் அயல்நாட்டு மருத்துவர்களுக்கான ஆங்கிலக் கையேடு ஒன்றை எழுதினார். அது பல பதிப்புகள் கண்டது. வயித்தால போகுது, மேலுக்கு முடியல என்று நம் கிராமத்து நோயாளி சொல்வதைப் புரிந்துகொள்ள, தமிழே பேசும் நகரத்து இளம் மருத்துவரும் கொஞ்சம் பழக வேண்டியிருக்கிறது.

பல்கலைக்கழக வகுப்பறையில் உயிர் போவதில்லை. அதனாலேயே அங்கே நடப்பது கவனிக்கப்படுவதில்லை. பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜானட் லிட்டில்மோர், பிரிட்டனில் பயின்ற வங்கதேச அரசு அலுவலர்கள் விரிவுரைகளைப் புரிந்துகொண்ட விதத்தை 2001-இல் வெளியிட்டார். உருவகத் தொடர்கள் வந்த இடங்களில் அவர்கள் செய்தியைவிட, விரிவுரையாளரின் நிலைப்பாட்டைத்தான் அதிகம் தவறவிட்டார்கள். அவர் ஒரு கொள்கையைப் பாராட்டுகிறாரா, சாடுகிறாரா என்பதே மாறிப்போனது. தங்கள் பண்பாட்டு எதிர்பார்ப்புக்கு ஏற்றபடி இடைவெளியை நிரப்பிக்கொண்டார்கள். பல நாட்டு மாணவர்களிடம் பின்னர் நடத்திய விரிவான ஆய்விலும், தவறாகப் புரிந்துகொண்டவர்களில் மிகச் சிலரே அதை உணர்ந்திருந்தார்கள். ஊர் திரும்பிக் கொள்கை வகுக்கப்போகிற அலுவலர்கள் தம் ஆசிரியர் எதை எதிர்த்தார் என்றே தெரியாமல் திரும்புவது எனக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

ஆங்கிலம் யாருடையது என்ற கேள்வியும் இங்கே வந்து சேர்கிறது. டேவிட் கிரிஸ்டலின் மதிப்பீட்டில் ஒரு தாய்மொழியினருக்கு மூன்று பிறமொழியினர் வீதம் ஆங்கிலம் பேசுகிறார்கள். நம்மவர் 'ஐ ஹேவ் எ டவுட்' என்று கையுயர்த்தினால், அமெரிக்கர் தம் பேச்சை நம்பவில்லையோ என்று முகம் சுருங்குவார். நமக்கு அது வெறும் சந்தேகம், அதாவது கேள்வி. நாம் கல்லூரியிலிருந்து 'பாஸ் அவுட்' ஆனோம் என்றால் அவர் மயங்கி விழுந்ததாக நினைப்பார். 'டூ த நீட்ஃபுல்' என்பதை நம் கண்டுபிடிப்பாக நினைத்துச் சிரிப்பவர்கள் உண்டு. அது பழைய பிரிட்டிஷ் அலுவலக நடை, அங்கே மறைந்து இங்கே நிலைத்தது. இவற்றைப் பிழை என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோடிக்கணக்கானோர் ஒருவருக்கொருவர் பிழையின்றிப் புரிந்துகொள்ளும் தொடர், அவர்கள் வட்டத்தில் மரபுத்தொடரேதான்.

வியன்னாவின் பார்பரா சைடில்ஹோஃபர், ஒருவர் மட்டும் அறிந்த மரபுத்தொடரை மற்றவர் மீது ஏவுவதை ஒருதலை மரபுவழக்கு என்ற பொருளில் பெயரிட்டுச் சிக்கலின் பாரத்தைப் பேசுபவர் பக்கம் நகர்த்தினார். அவருடைய குழு திரட்டிய பத்து லட்சம் சொற்களின் உரையாடல் தொகுப்பில், தாய்மொழி வேறான பலர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். எந்த நாயையும் எழுப்பிவிட வேண்டாம் என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னதை அந்தக் குழுவின் மேரி-லூயிஸ் பிட்ஸல் எடுத்துக்காட்டுகிறார். ஆங்கில மரபுப்படி தூங்கும் நாய் கிடக்கட்டும் என்றிருக்க வேண்டும். உருவம் மாறியது, புரிதல் குலையவில்லை. மரபை மாற்றிச் சொன்னது குற்றமாகவில்லை; படம் கண்முன் நின்றது, அது போதுமாக இருந்தது.

பேசுபவரைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் புதியவை அல்ல. 1959-இல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா தொடங்கிய சிறப்பு ஆங்கில ஒலிபரப்பு சுமார் 1500 சொற்களோடு, மரபுத்தொடர்களைத் தவிர்த்து, மெதுவாகப் பேசியது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கான எளிய தொழில்நுட்ப ஆங்கிலம் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்ற விதியை வைத்தது. அதில் 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டுமே. விதியைப் பின்பற்று என்ற பொருளில் எழுதக்கூடாது. 2003-இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆறு படிகள் கொண்ட மொழித்தகுதி அளவுகோலை வகுத்தது. பணிக்குக் குறைந்தது நான்காம் படி வேண்டும். ஆறாம் படிக்கான விவரிப்பில் மரபுத்தொடர் நயம் தகுதியாகக் குறிக்கப்படுகிறது. அதே அமைப்பின் வழிகாட்டி நூல், வானொலியில் மரபுத்தொடர் பேசாதீர்கள் என்று தாய்மொழியினருக்கு அறிவுரை சொல்கிறது. மிக உயர்ந்த தகுதியைப் பெற்றவரிடம் அந்தத் தகுதியை மறைத்துவைக்கச் சொல்லும் இந்த முரணைத் திருத்த வேண்டும். புரியும்படி பேசத் தெரிந்தவருக்கே அந்த ஆறாம் படி போக வேண்டும்.

கற்பிப்பதில் சில நல்ல வழிகள் கண்டறியப்பட்டுள்ளன. தொடர் பிறந்த இடத்தைச் சொல்லிக்கொடுத்தால் நினைவில் நிற்கிறது என்று பெல்ஜியத்தின் ஃப்ராங்க் போர்ஸ் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். துப்பாக்கி வெடிக்குமுன் ஓட்டப்பந்தய வீரர் பாய்ந்துவிடும் காட்சியைக் காட்டிய பிறகு 'ஜம்ப் த கன்' மறப்பதில்லை. மார்ட்டினஸும் நார்பர்ட் ஷ்மிட்டும் 2012-இல், உண்மையில் அடிக்கடி வருபவையும் மேலோட்டமாகப் பார்த்தால் ஏமாற்றுபவையுமான 505 தொடர்களைப் பட்டியலிட்டார்கள். போட்டித் தேர்வுக் கையேடு போடுபவர்கள் வாளியையும் அவரையையும் விட்டுவிட்டு அந்த 505-ஐத் தமிழ் விளக்கத்தோடு அச்சிட்டால் நம் மாணவர்களுக்குப் பெரிய உதவி.

ஆனால் எந்தப் பட்டியலும் முடிவானதல்ல. பட்டியலில் இல்லாத தொடரை ஒருவர் நாளையே கேட்பார், புரிந்ததாக நினைப்பார். நம் வகுப்பறைகளில் ஆசிரியர் 'புரிஞ்சுதா?' என்று கேட்க, 'புரிஞ்சுது சார்' என்று வகுப்பே ஒரே குரலில் சொல்வதில் பொய் இல்லை. அவர்கள் நம்புவதைத்தான் சொல்கிறார்கள். விமானத்துறை இந்தக் கேள்வியையே கைவிட்டுவிட்டது: உயரம், ஓடுபாதை எண் போன்ற முக்கிய ஆணைகளை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும், கட்டுப்பாட்டாளர் அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். மருத்துவத்திலும், மருந்தை எப்படிச் சாப்பிடப்போகிறீர்கள் என்று உங்கள் சொற்களில் சொல்லுங்கள் என்று நோயாளியைச் சொல்ல வைக்கும் முறை பரவிவருகிறது. ஆங்கில வகுப்பிலும், வெளிநாட்டு வாடிக்கையாளரோடு நடக்கும் தொலைபேசிக் கூட்டத்திலும் இதைச் செய்ய ஒரு நிமிடம் கூடுதலாகும். கூட்டம் முடியுமுன் இளைய பொறியாளர் ஒருவர், எந்தத் தேதிக்குள் எதை முடித்துத் தர வேண்டும் என்று தான் புரிந்துகொண்டதைத் தன் எளிய ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிட்டால் போதும். தவறு இருந்தால் அங்கேயே, இன்னும் திருத்தக்கூடிய நேரத்தில், எதிர்முனையில் இருப்பவர் அதைக் கேட்டுவிடுவார்.